ஞானஸ்நானம் எடுத்தபின் கணக்கை நேராக்குவது எப்படி: கோலாலம்பூர் சிறு வியாபாரிகளுக்கு

செந்தூலில் வீட்டோடு சேர்த்து ஒரு சின்ன கேட்டரிங் நடத்துகிறேன். 2024 டிசம்பரில் ஞானஸ்நானம் எடுத்தேன். அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வெங்காயம் உரித்துக்கொண்டே, என்னிடம் இரண்டு வருடமாக வேலை செய்யும் அக்கா கேட்டார்: "ஏம்மா, என் சிநேகிதிக்கு 55 ஆயிடுச்சு, இபிஎஃப் காசு எடுத்திருக்கா. எனக்கு எவ்வளவும்மா இருக்கும்?"

அக்காவுக்கு 53 வயது. அந்த ஊழியர் சேமநிதியில் (இபிஎஃப்) அவர் பேரில் நான் ஒரு சென்கூடக் கட்டியிருக்கவில்லை.

மனுஷர் நம் நற்கிரியைகளைக் கண்டு பிதாவை மகிமைப்படுத்தும்படி நம் வெளிச்சம் தெரியவேண்டும் என்று மத்தேயு 5:16-ல் இருப்பதைப் போன வாரம்தான் சபையில் வாசித்திருந்தேன். என்னை வாரத்தில் ஆறு ஏழு நாள் பக்கத்தில் நின்று பார்க்கிற ஒரே ஆள் இந்த அக்கா. அவர் கண்ட என் கிரியை இதுதான்.

இதைச் சரிசெய்து முடிக்க எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. அதில் முதல் சில மாதம், எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாளைக் கொண்டுபோவது என்று தெரியாமல் அலைந்த காலம். புதிதாக விசுவாசத்துக்கு வந்து, சின்னதாகத் தொழில் செய்து, ஒன்றிரண்டு பேரை வேலைக்கு வைத்திருக்கும் உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன்.

1. முதலில் ஒரு நோட்டு

இரண்டு சாயங்காலம் ஒதுக்குங்கள். ஒரு நோட்டில் மூன்று பக்கம் பிரியுங்கள்: வேலையாளுக்குத் தரவேண்டியது, மற்ற மனிதர்களுக்குத் தரவேண்டியது, அரசாங்கத்துக்குத் தரவேண்டியது. வரிசையும் அதுதான். நான் தலைகீழாக ஆரம்பித்தேன். அபராதத்துக்குப் பயந்து முதலில் வரி அலுவலகத்துக்கு ஓடினேன். அதில் மூன்று மாதம் போனது. அந்த மூன்று மாதமும் அக்காவின் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை.

கையில் இருக்கவேண்டியவை: வியாபாரப் பதிவுச் சான்றிதழ், வங்கி அறிக்கைகள், சம்பளம் கொடுத்துக் குறித்துவைத்த பழைய நோட்டு, வாட்ஸ்ஆப்பில் வந்த ஆர்டர்கள். வாட்ஸ்ஆப்பில் 'டெப்பாசிட்' என்று தேடிப் பாருங்கள். மறந்துபோன பாக்கிகள் வெளியே வரும். எனக்கு இரண்டு வந்தன.

பதிவுச் சான்றிதழ் காலாவதியாகி இருந்தால் அதை முதலில் புதுப்பியுங்கள். தனி ஆள் நடத்தும் தொழிலுக்கு, சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், வியாபாரப் பெயரில் என்றால் 60 ரிங்கிட். அது இல்லாமல் அடுத்த எந்த வேலையும் நகராது.

இந்தப் படியில் யாரிடமும் எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்பதும் லூக்கா 14-ல் இருக்கிற வசனம்தான். மனம் உருகி நிற்கும் நேரத்தில் "எல்லாத்தையும் அடுத்த மாசம் கட்டிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் பிறகு முடியாமல் போனால், அது இன்னொரு பொய்யாகிவிடும்.

2. அலுவலகத்துக்குப் போகும் முன் வேலையாளிடம் பேசுங்கள்

எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான். செலவு ஒன்றும் இல்லை. ஆனால் பத்து நாள் தள்ளிப்போட்டேன்.

சொல்லவேண்டியது மூன்றே விஷயம். தப்பு என்னுடையது. எத்தனை மாதம் கட்டவில்லை. எப்போதிலிருந்து கட்டப்போகிறேன். இதற்கு மேல் ஒன்றும் சேர்க்காதீர்கள். முக்கியமாக, "ஆண்டவர் என்னை உணர்த்தினார்" என்று அந்த நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். அக்கா பழுத்த முருக பக்தை. வருடம் தவறாமல் பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கிறவர். அவருக்குச் சட்டப்படி வரவேண்டிய பணத்தைக் கொடுக்கும்போது அதோடு என் சாட்சியையும் சேர்த்துக் கொடுத்தால், வாங்கித்தான் ஆகவேண்டிய ஒரு நிலையில் அவரை நிறுத்துகிறேன் என்று ஆகிவிடும். கேட்டால் சொல்லுங்கள், கேட்கும்வரை பேசாமல் இருங்கள்.

நான் சொல்லி முடித்ததும் அக்கா கேட்டது ஒன்றுதான்: "சரிம்மா, எந்தத் தேதியிலேர்ந்து?"

அதனால் தேதியோடு போங்கள். அப்படியே அவருடைய மைகாட் (அடையாள அட்டை) நகலையும், ஏற்கெனவே சேமநிதி எண் இருந்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பு வேறு எங்காவது வேலை பார்த்திருந்தால் எண் இருக்கும்.

3. பதிவு: சேமநிதியும் சொக்சோவும்

முதல் வேலையாளைச் சேர்த்த ஏழு நாளுக்குள் ஊழியர் சேமநிதியில் முதலாளியாகப் பதிந்திருக்கவேண்டும். வேலையில் நேரும் காயம், விபத்துக்கான காப்புறுதியான சொக்சோவுக்கு முப்பது நாள். ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் இதுதான் விதி. 'சின்ன வியாபாரம், குடும்பம் மாதிரி' என்பதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை. நான் இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். சேமநிதியைக் கட்டாமல் விட்டால் மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டுமே.

இரண்டு பதிவுக்கும் கட்டணம் கிடையாது. சேமநிதிக்கு முதலாளிகளுக்கான ஐ-அக்காவுன் என்ற இணையக் கணக்கு, சொக்சோவுக்கு அசிஸ்ட் இணையத்தளம். கொண்டுபோகவேண்டியவை வியாபாரப் பதிவுச் சான்றிதழ், உங்கள் மைகாட், வேலையாளின் விவரம், அவர் வேலைக்குச் சேர்ந்த தேதி, மாதச் சம்பளம். நேரில் போவதாக இருந்தால் இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

இங்கேதான் பெரிய பொறி. வேலைக்குச் சேர்ந்த தேதியைக் கேட்பார்கள். "இந்த மாசம்தான் சேர்ந்தாங்கன்னு போட்டுடுங்க, பழசு யாருக்கும் தெரியாது" என்று எனக்கு ஆலோசனை சொன்னவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு கணக்கு எழுதிக் கொடுக்கிறவர். அப்படிப் போட்டிருந்தால் எனக்குப் பத்தாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் மிச்சம். கீழ்ப்படிதல் என்பது எனக்கு அந்தப் படிவத்தில் ஒரு தேதிக் கட்டமாகத்தான் வந்து நின்றது. உண்மையான தேதியைப் போடுங்கள்.

இன்னொரு பொறி: பதிவு செய்து தருகிறேன் என்று பணம் வாங்கும் ஏஜென்ட். நான் ஒருவரிடம் கொடுத்து ஆறு வாரம் காத்திருந்தேன். கடைசியில் பார்த்தால் பதியவே இல்லை. நீங்களே செய்யுங்கள், ஒரு காலைப்பொழுது வேலைதான். மலாய் தடுமாறும் என்றால் மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

சொக்சோவைச் சிலர் இரண்டாம் பட்சமாக நினைக்கிறார்கள். எண்ணெய்ச் சட்டி தவறி வேலையாளின் கையில் கொட்டினால் அதுதான் அவருக்குப் பாதுகாப்பு. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தும் அதில் சேரும். அக்கா விடியற்காலை இருட்டில் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வருகிறவர். இரண்டு வருடம் அந்தப் பாதுகாப்பு இல்லாமலே வந்து போயிருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வராது.

4. பாக்கியைக் கணக்கிடுவது

மலேசியக் குடிமக்களுக்கு, 5,000 ரிங்கிட்வரை சம்பளம் என்றால் முதலாளி பங்கு 13 சதவீதம், தொழிலாளி பங்கு 11 சதவீதம். வேலையாளுக்கு 60 வயது தாண்டியிருந்தால் முதலாளி பங்கு 4 சதவீதம் மட்டும். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 2025 அக்டோபரிலிருந்து இரு தரப்பும் 2 சதவீதம் கட்டவேண்டும். சரியான தொகைக்கு சேமநிதியின் மூன்றாம் அட்டவணையைப் பாருங்கள். கால்குலேட்டரில் சதவீதம் போட்டால் சில சம்பளங்களுக்குச் சில்லறை மாறும்.

என் கணக்கு இது. 2023 ஜனவரியிலிருந்து 2024 டிசம்பர்வரை 24 மாதம், சம்பளம் 1,500 ரிங்கிட். மாதத்துக்கு என் பங்கு 195, அக்காவின் பங்கு 165, மொத்தம் 360. அதை 24 மாதத்துக்குப் பெருக்கினால் 8,640 ரிங்கிட். சொக்சோவும் வேலையின்மைக் காப்புறுதியும் சேர்ந்து மாதம் 38 ரிங்கிட் 40 சென், இரண்டு வருடத்துக்கு 921 ரிங்கிட் 60 சென்.

"அவங்க பங்கு 165 ரிங்கிட்டை நான் பிடிக்கவே இல்லையே, முழுச் சம்பளமும் கையில கொடுத்தேனே, அதையும் நான் ஏன் கட்டணும்?" என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்தந்த மாதச் சம்பளத்தில் பிடிக்காமல் விட்டதைப் பிறகு வேலையாளிடம் பிடிக்க முடியாது. சட்டம் அப்படி. யோசித்துப் பார்த்தால் நியாயமும் அதுதான். பிடிக்காமல் விட்டது என் முடிவு. அக்காவிடம் யாரும் கேட்கவில்லை.

இதற்கு மேல் தாமதக் கட்டணம் வரும். சேமநிதியில், வேலையாள் இழந்த லாப ஈவையும் நீங்கள் ஈடுகட்டவேண்டும். 2023-க்கு ஈவு 5.50 சதவீதம், 2024-க்கு 6.30 சதவீதம். அந்த வளர்ச்சி அவர் கணக்கில் ஏறாமல் போனது உங்களால்தானே. சொக்சோவில் வருடத்துக்கு 6 சதவீத வட்டி, நாள் கணக்கில். எனக்கு எல்லாம் சேர்த்து அசலுக்கு மேல் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டியது.

மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேட்டு எழுதுங்கள். வங்கி அறிக்கையை இணைத்து, மாதம் எவ்வளவு முடியும் என்று சொல்லிக் கேட்கவேண்டும். நான் கேட்டேன், கிடைத்தது. பாக்கிக்கு மட்டும் மாதம் 720 ரிங்கிட், பன்னிரண்டு மாதம். நடப்பு மாதக் கட்டணம் தனி. அதில் ஒரு நாளும் தவறக்கூடாது. இதற்காக ஆலோங்கிடமோ (உரிமமில்லாத வட்டிக்காரர்), இன்ஸ்டன்ட் லோன் ஆப்பிலோ கடன் வாங்காதீர்கள். நான் பண்டிகைக் கால ஆர்டர்களுக்கு வாங்க வைத்திருந்த பெரிய அடுப்பை வாங்காமல் விட்டேன், அவ்வளவுதான்.

5. காணிக்கையா, பாக்கியா?

பாக்கி கட்டும் காலத்தில் தசமபாகத்தை (வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை) என்ன செய்வது என்று போதகரிடம் கேட்டேன். மத்தேயு 5:23-24-ஐத் திறந்து காட்டினார். சகோதரனுக்கு நம்மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகவேண்டும், பிறகு வந்து காணிக்கையைச் செலுத்தவேண்டும். "உங்க காணிக்கை காத்திருக்கட்டும், அந்த அம்மாவோட பணம் காத்திருக்கக் கூடாது" என்றார். எல்லாப் போதகர்களும் இப்படிச் சொல்வார்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் போதகரிடம் நோட்டைக் காட்டிப் பேசுங்கள். தொகையை மறைத்துக்கொண்டு ஆலோசனை கேட்காதீர்கள்.

அப்புறம் லேவியராகமம் 6:5. அநியாயமாய் வைத்துக்கொண்டதை முழுவதும் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கவேண்டும் என்கிறது. வரி வசூலிப்பவனான சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக (நாலு மடங்காக)த் தருவேன் என்று இயேசுவிடம் சொன்னான். 8,640-ல் ஐந்தில் ஒரு பங்கு 1,728 ரிங்கிட். நான் அதை மூன்று தவணையாக அக்காவின் கையில் கொடுத்தேன். தாமதக் கட்டணம் கட்டியாயிற்றே, இது எதற்கு என்று என் கணவர் கேட்டார். அபராதம் சட்டம் என்னிடம் கேட்டது. இது நானாகக் கொடுக்கவேண்டியது என்று எனக்குப் பட்டது. உங்கள்மேல் இதைக் கட்டளையாக வைக்கமாட்டேன். கொடுப்பதானால் ஒன்று: எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், சம்பளத்தில் பிடிக்கும் முன்பணம் இல்லை என்றும் அதில் எழுதுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவருக்கே பின்னால் சந்தேகம் வரும்.

6. சம்பளச் சீட்டும் ஓய்வு நாளும்

பழைய பாக்கி முடிந்தால் போதாது, இனி நடப்பது நேராக இருக்கவேண்டும். மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம், அதோடு சீட்டு. அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், சேமநிதிப் பிடிப்பு, சொக்சோப் பிடிப்பு, கையில் வருவது என்று வரி வரியாக இருக்கவேண்டும். நான் தமிழிலும் மலாயிலும் போடுகிறேன். அக்காவுக்குத் தமிழ்தான் படிக்க வரும்.

ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் 2025 ஆகஸ்ட் 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதற்குச் சேமநிதி உங்கள் பங்கு 221, வேலையாளின் பங்கு 187. விலைப்பட்டியலை அதற்கேற்ப மாற்றுங்கள். நான் ஒரு சாப்பாட்டுக்கு 50 சென் கூட்டினேன். இரண்டு வாடிக்கையாளர்கள் போனார்கள்.

ஓய்வு நாள் விஷயத்தை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். ஞாயிறு மதியம் விருந்து ஆர்டர் இருக்கும். காலையில் நான் சபையில் பாடிக்கொண்டிருப்பேன். அக்கா என் சமையலறையில் தனியாக நின்று சோறு வடித்துக்கொண்டிருப்பார். அவருக்கு நிலையான ஓய்வு நாளே இருக்கவில்லை. ஓய்வு நாள் கட்டளையில் 'உன் வேலைக்காரியும்' என்று இருப்பதை எத்தனை தடவை வாசித்திருக்கிறேன்! இப்போது திங்கள் அவருக்கு ஓய்வு நாள். அன்று அடுப்பு எரியாது. மற்றபடி சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, வருடத்தில் 11 பொது விடுமுறை சம்பளத்தோடு, ஆண்டு விடுப்பு முதல் இரண்டு வருடத்துக்கு 8 நாள், அதன்பின் ஐந்து வருடம்வரை 12 நாள். தைப்பூசம் கோலாலம்பூரில் பொது விடுமுறை. தண்ணீர்ப் பந்தல்காரர்களின் ஆர்டர் குவியும் நாளும் அதுதான். அன்று அக்காவை வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அவர் பால்குடம் எடுக்கப் போகட்டும். என் விசுவாசத்துக்காக அவருடைய வேண்டுதலை நான் தடுக்க முடியாது.

7. மற்ற மனிதர்கள்

இது சீக்கிரம் முடியும். நடக்காமல் போன விருந்துக்கு வாங்கிய முன்பணம், மளிகைக் கடைப் பாக்கி, சந்தையில் கோழிக்காரருக்குத் தரவேண்டியது, எல்லாவற்றையும் கூப்பிட்டுச் சொல்லிக் கட்டுங்கள். டுயிட்நவ்-இல் (கைப்பேசிப் பணப் பரிமாற்றம்) அனுப்பினால் குறிப்பில் எதற்கு என்று எழுதுங்கள், ரசீதைப் படம் எடுத்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்தக் கடனுக்கு ஆறு வருடம் தாண்டினால் வழக்குப் போட முடியாது. 'ஆறு வருஷம் ஆச்சு, இனி கேட்க முடியாது' என்று உங்களுக்குச் சொல்வார்கள். நீதிமன்றத்தில் அது செல்லும். வாங்கிய கடன் வாங்கியதுதான். என் நோட்டில் எட்டு வருடப் பழைய 300 ரிங்கிட் ஒன்று இருந்தது. கொடுத்தவர் இறந்துவிட்டார். அவர் மகளைத் தேடிக் கொடுத்தேன்.

8. வருமான வரி

தனிநபர் தொழிலுக்கு பி படிவம். கடைசி நாள் ஜூன் 30, இணையத்தில் தாக்கல் செய்தால் ஜூலை 15 வரை. கையில் வாங்கிய ரொக்கத்தை வரவில் காட்டாமல் விட்டிருந்தால், தாக்கல் கெடு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஒருமுறை திருத்தப் படிவம் போடலாம். அதற்கும் பழையது என்றால் உங்கள் கோப்பு இருக்கும் கிளைக்குக் கடிதம் எழுதி நீங்களே ஒப்புக்கொள்ளவேண்டும். அவர்கள் தணிக்கையில் கண்டுபிடிப்பதைவிட நீங்களாகச் சொன்னால் தண்டம் குறையும். ரசீதுகளையும் கணக்கையும் ஏழு வருடம் வைத்திருக்கவேண்டும். வெயிலில் எழுத்து மறையும் ரசீதுகளை உடனே படம் எடுத்துவிடுங்கள். கட்டாத போக்குவரத்து சம்மன் இருந்தால் போலீஸின் மைபாயார் பிடிஆர்எம் இணையத்தளத்தில் பார்த்து அதையும் முடியுங்கள்.

9. சபையில் எப்போது சொல்வது

கடைசித் தவணையின் ரசீது கையில் வந்தபிறகு. அதற்கு முன் சாட்சி சொல்லச் சொல்லிக் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். மனுஷர் காணவேண்டுமென்று தர்மம் செய்யாதிருங்கள் என்று மத்தேயு 6-ல் வருகிறது. வெளிச்சம் தெரியட்டும் என்று 5-ல் வருகிறது. இரண்டுக்கும் நடுவே எப்படி நடப்பது என்று நான் நிறையக் குழம்பினேன். கடைசியில், அக்காவின் அனுமதி இல்லாமல் அவரைப் பற்றி எங்கும் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இதை எழுதும் முன்பும் வாசித்துக் காட்டினேன். "என் பேரை மட்டும் போடாதம்மா" என்றார்.

இனி உங்கள் நாள்காட்டியில் ஒரே ஒரு தேதியை வட்டமிடுங்கள். சேமநிதி, சொக்சோ இரண்டுக்கும் போன மாதத்துக்கான பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் போகவேண்டும். 15 சனி ஞாயிறில் விழுந்தால் வெள்ளிக்கிழமையே கட்டிவிடுங்கள். பணம் ஏறியதும் வேலையாளை அவர் கைப்பேசியிலேயே ஐ-அக்காவுனைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை அவரே போடட்டும், நீங்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம்.